பேர் சொல்லிக் கூப்பிட்டது

சவுகத் அலிக்கு ஒரு கதை பிடிக்கவில்லை என்றால் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய், கடை முகப்பில் கயிற்றில் தொங்குகிற பத்திரிகைகளை இடம் மாற்றித் தொங்கவிட ஆரம்பித்துவிடுவான். அவன் நண்பன் திருப்பதி அந்த ஆடி மாதம் முழுக்க அவனுடைய முதுகைப் பார்த்துத்தான் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது சவுகத் அலியின் பெட்டிக்கடை. வெற்றிலை, பீடி, சோடா எல்லாம் விற்றாலும் அவன் உயிர் பத்திரிகைகளில்தான் இருந்தது. மதுரையிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிற வாரப் பத்திரிகைக் கட்டைப் பிரித்து, ஒரு தாள் மடங்காமல் அத்தனையையும் படித்து முடித்துவிட்டுத்தான் விற்பனைக்குத் தொங்கவிடுவான். புதுப் பத்திரிகை என்று போடியில் காசு கொடுத்து வாங்கியவர்கள் எல்லோரும் சவுகத் அலி படித்துப் போட்ட பழசைத்தான் வாங்கினார்கள். பாவம், அவர்களுக்கு அது தெரியாது.

திருப்பதிக்குச் சொந்த ஊர் சிலமலை. போடியில் ஓர் ஏலக்காய் கமிஷன் கடையில் எழுத்து வேலை. கதை எழுதுகிற கிறுக்கு அவனுக்குப் பள்ளிக்கூடத்திலேயே பிடித்துவிட்டது. எழுதி அனுப்பியதெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது. கடை முதலாளி அவனைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. "ஏய் கதை, அந்தச் சாக்குல என்ன ரகம்னு பாரு" என்பார். வேலைக்காரர்கள் சிரிப்பார்கள். திருப்பதியும் கூடச் சேர்ந்து சிரிப்பான், ஆனால் உள்ளே எரியும்.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. ஒரு வாரப் பத்திரிகை திகில் கதைப் போட்டி அறிவித்திருந்தது. முதல் பரிசுக் கதையை எழுதியவரின் போட்டோவோடு போடுவார்களாம். திருப்பதி அன்றைக்கே ஸ்டூடியோவுக்குப் போய், தலையை வழித்துச் சீவி, கன்னத்தில் கை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் கதை என்ன என்று யோசிக்கத் தொடங்கினான்.

"மாப்ளே, மலைக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்பு. சாயங்காலம் இறங்கி வரும்போது பாத்தா உள்ள ஒரு பொம்பள கூடுதலா உக்காந்திருக்கா. அவ யாருன்னு ஒருத்தருக்கும் தெரியல" என்று ஒருநாள் ஆரம்பித்தான்.

"நம்ம ஊரு ஜீப்புல என்னைக்குடா அளவா ஆள் ஏத்திருக்காய்ங்க?" என்றான் சவுகத் அலி. "டிரைவரு மடியில ஒருத்தன் உக்காந்து வர்றான். அதுல ஒரு பேய் ஏறுனா எவன் கண்டான்? காசு குடுத்துச்சுன்னா நாளைக்கும் வா ஆத்தான்னுதான் சொல்லுவாய்ங்க." சொல்லிவிட்டு எழுந்து பத்திரிகைகள் பக்கம் போய்விட்டான்.

அடுத்து, ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் கேட்கும் கொலுசுச் சத்தம். "கொலுசு போட்ட பேயெல்லாம் பத்திரிகையில வந்து முடிஞ்சுபோச்சு மாப்ளே. இனி ஒண்ணும் பாக்கியில்ல" என்று அதற்கும் முதுகைக் காட்டினான். இப்படியே நாலைந்து கதைகள் சோடா மூடியைப் போலத் தெறித்து விழுந்தன.

ஒரு மத்தியானம் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கடையில் வியாபாரம் இல்லை. திருப்பதி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"மலையில ஒரு வழக்கம் இருக்கு மாப்ளே. பொழுது அடைஞ்ச பெறகு வெளிய இருந்து யாராச்சும் பேரச் சொல்லிக் கூப்பிட்டா உடனே ஏன்னு கேக்கக்கூடாது. கதவையும் தெறக்கக்கூடாது. மூணாவது தடவ கூப்பிட்டாத்தான் கேக்கணும். ஏன்னா பேய் ரெண்டு தடவதான் கூப்பிடும். மூணாவது கூப்பிட அதுக்கு நாக்கு வராது. இப்ப நம்ம கதையில, மலையில ஒத்தக் குடிசை. உள்ள ஒருத்தி தனியா இருக்கா. புருசன் இன்னும் வரல. வெளிய அவ பேரச் சொல்லி ஒரு சத்தம். ரெண்டு தடவ. அப்புறம் சத்தமே இல்ல."

சவுகத் அலி எழுந்திருக்கவில்லை. தாடையைச் சொறிந்துகொண்டான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா முடிவு என்னா? தெறந்தா பேய் அடிச்சுரும். தெறக்கலன்னா பேய் போயிரும். ரெண்டுமே சப்புன்னுல்ல இருக்கு?"

திருப்பதிக்கும் அதற்கு மேல் ஓடவில்லை. பஸ்சுக்குக் காத்திருந்த ஒருவர் வந்து பீடி கேட்டார். கட்டை எடுத்து நீட்டப்போன சவுகத் அலி நீட்டாமலே நின்றுவிட்டான்.

"மாப்ளே, வெளிய நின்னது பேயே இல்லன்னா?"

"பெறகு?"

"அவ புருசன்தான்டா. வர்ற வழியில மரக்கிளை முறிஞ்சு மேல விழுந்து, நெஞ்செலும்பு போயி, இழுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டான். கூப்பிடுறான். அவ பேயின்னு நெனச்சுக் கதவத் தெறக்கல. விடிஞ்சு பாத்தா வாசல்ல செத்துக் கெடக்கான்."

"அப்ப ஏன் ரெண்டு தடவையோட நிறுத்திட்டான்?"

"மூணாவது தடவ கூப்பிட அவனுக்குச் சீவன் இல்லடா!"

திருப்பதி பெஞ்சை விட்டு எழுந்து சவுகத் அலியைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். பீடி கேட்டவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார். கதையில் சாகிறவனுக்காக யார் வருத்தப்படுவார்கள்? முடிவு கிடைத்ததே என்றுதான் அவர்களுக்கு இருந்தது.

"ஆனா ஒண்ணு மாப்ளே" என்றான் சவுகத் அலி. "நீ மலையில குடியிருந்தவன் இல்ல. குடிசை, மழை, இருட்டு எல்லாம் சரியா வரணும். ஒச்சம்மாக்காகிட்ட வாசிச்சுக் காட்டு. அது பத்து வருசம் அங்க இருந்துச்சுல்ல?"

ஒச்சம்மாள் திருப்பதியின் அக்கா. அவள் புருஷன் மொக்கையன் மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் காவல்காரன். தோட்டத்துக்குள்ளேயே தகரக் கூரை போட்ட ஒத்தை வீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். பிள்ளை இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மழைக்காலத்தில், வீட்டுக்குக் கீழே இருந்த ஓடைச் சரிவில் கால் வழுக்கி விழுந்து மொக்கையன் செத்துப்போனான். காலையில்தான் பார்த்தார்கள். "வீணபாடே மரிச்சு" என்றார் தோட்டத்து மலையாளி மேஸ்திரி, தலையில் பட்டிருந்த அடியைப் பார்த்துவிட்டு. விழுந்தவுடனே உயிர் போய்விட்டது என்று அதையே தமிழில் எல்லோரும் சொன்னார்கள். இழவுக்கு வந்த ஒவ்வொருவரும் ஒச்சம்மாளைக் கட்டிக்கொண்டு, "கஷ்டப்படாமப் போயிட்டான் ஆத்தா, அந்த மட்டுக்கும் புண்ணியம்" என்று அழுதார்கள்.

அதற்குப் பிறகு அவள் மலைக்குப் போகவில்லை. போடியில் தம்பிக்குச் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டு, கோடவுனில் காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போய்வந்தாள். பேச்சு குறைந்துவிட்டது. ஆனால் ஒரு விசித்திரமான பழக்கம் வந்திருந்தது. யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் முதல் கூப்பாட்டுக்கே ஓடிவந்துவிடுவாள். கையில் மாவு இருக்கும், அடுப்பில் உலை கொதிக்கும், அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டாலும் எட்டிப்பார்த்து, "என்னையவா?" என்று கேட்பாள். அடுத்த வீட்டு மொக்கம்மாள் வேண்டுமென்றே கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பாள். அக்காவுக்குத் தனிமை தாங்கவில்லை என்று திருப்பதி நினைத்துக்கொண்டிருந்தான்.

அவளிடம் கதையை வாசிப்பதா என்று அவனுக்கு முதலில் தயக்கம்தான். மச்சான் செத்ததும் மலையில்தானே. ஆனால் மச்சான் வழுக்கி விழுந்து செத்தார், கதையில் வருகிறவன் கிளை விழுந்து சாகிறான். அது வேறு, இது வேறு. இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டு கதையை எழுதி முடித்தான். கதைக்காரிக்குப் பொன்னுமணி என்றும் அவள் புருஷனுக்கு வெள்ளைத்துரை என்றும் பேர் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒச்சம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். திருப்பதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாசித்தான். அவள் கை நிற்கவே இல்லை. வாசித்து முடித்ததும், "எப்படிக்கா இருக்கு? தப்பு இருந்தாச் சொல்லு, திருத்திருவேன்" என்றான்.

அவள் உமியை ஊதித் தள்ளினாள்.

"அடமழையில கூப்பிட்டான்னு எழுதிருக்க. தகரத்துல மழை விழுந்தா பக்கத்துல பேசறதே கேக்காது தம்பி. மழை விட்டப்புறம்னு எழுது. மழை விட்டு, மரத்துல இருந்து சொட்டுச் சொட்டா விழுகும்ல, அப்பத்தான் தூரத்துச் சத்தம் நல்லாக் கேக்கும்."

திருப்பதி பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டான்.

"விளக்க வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாள்னும் எழுதிருக்க. அப்படி இருக்க மாட்டா. கூப்பிட்டது காதுல விழுந்ததும் விளக்க அமத்திருவா. வெளிச்சத்தப் பாத்துத்தான் அது வரும்பாங்க."

"நல்ல விசயம்க்கா!" என்று அதையும் எழுதினான். கதைக்கு உயிர் வந்துகொண்டிருந்தது. அவன் சந்தோஷம் அவனுக்கு.

"அப்புறம், 'இந்தா புள்ள, இந்தா புள்ள'ன்னு புருசன் கூப்பிட்டதா எழுதிருக்க."

"ஆமா. பொண்டாட்டிய எவன் பேரச் சொல்லிக் கூப்பிடறான்? மச்சான்கூட உன்னைய அப்படித்தான கூப்பிடுவாரு?"

"அப்படித்தான் கூப்பிடுவாக." முறம் நின்றது. "அப்படிக் கூப்பிட்டிருந்தாத் தெறந்திருப்பாள்ல? பேரச் சொல்லிக் கூப்பிட்டதாத்தான் எழுதணும்."

"அது எப்படிக்கா? புருசன் எதுக்குப் பேரச் சொல்லிக் கூப்பிடப்போறான்?"

"பக்கத்துல இருக்கறவளத்தான் 'இந்தா'ங்கலாம் தம்பி. பள்ளத்துல கெடந்துக்கிட்டு மேல இருக்கறவளக் கூப்பிடப் பேரு வேணும்ல? 'இந்தா'ன்னா அது அவ்வளவு தூரம் ஏறி வருமா? அதான் பேரச் சொல்லிட்டாக. கல்யாணம் ஆன நாளா ஒருக்கக்கூட அவுக வாயில அவ பேரு வந்ததில்ல. அவுக வாயில அது எப்படி இருக்கும்னு அவளுக்கு எப்படித் தெரியும்? அவுக சத்தம் மாதிரியேதான் இருந்துச்சு. ஆனா அவுக பேரச் சொல்ல மாட்டாகளேன்னு நெனச்சா. பேய்தானே பேரச் சொல்லும்."

திருப்பதியின் பென்சில் பேப்பரிலேயே நின்றுவிட்டது. அவன் கதையில் பள்ளம் கிடையாது. அவன் கதையில் புருஷன் வாசலில் கிடந்தான். 'அந்த ஆளு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அக்கா 'அவுக' என்கிறாள். உலகத்தில் ஒரே ஒருவரைத்தான் அவள் அப்படிச் சொல்லுவாள்.

"மூணாவது தடவ கூப்பிடச் சீவன் இல்லன்னு முடிச்சிருக்க" என்றாள் ஒச்சம்மாள். உளுந்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "சீவன் இருந்துச்சோ என்னமோ. விளக்கு அமந்ததப் பாத்திருப்பாகள்ல? அதுக்கப்புறம் எதுக்குக் கூப்பிடுவானேன்னு விட்டிருப்பாக."

திருப்பதிக்கு, மச்சானைத் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தியதும், வந்தவர்கள் எல்லாம் கஷ்டப்படாமல் போய்விட்டான் என்று சொல்லி அழுததும், அக்கா அழாமல் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. யார் கூப்பிட்டாலும் அவள் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவருவது எதற்கென்று இப்போது விளங்கியது. பெற்ற தாயிடம்கூடச் சொல்லாததை, ஊரில் ஒருவருக்கும் தெரியாததை, கதையில் தப்பு இருந்தால் சொல்லு என்று கேட்டதற்காகச் சொல்லியிருக்கிறாள். அவனுக்கு அக்காவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடித்தால் அவள் சொன்னது கதை இல்லை என்று ஆகிவிடுமே என்று பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"பொன்னுமணிங்கிற பேரு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒச்சம்மாள் முறத்தோடு எழுந்து உள்ளே போனாள்.

கமிஷன் கடையில் திருப்பதிக்கு வேலை ஓடவில்லை. சவுகத் அலியோ, கடைசித் தேதி நெருங்குகிறது என்று நச்சரித்தான். "என்னா மாப்ளே, அக்கா என்னா சொல்லுச்சு?" என்று கேட்டான். "சிலது திருத்தச் சொல்லுச்சு" என்றதோடு நிறுத்திக்கொண்டான் திருப்பதி.

இந்த இடத்தில் அவனை நாலு வார்த்தை திட்டத்தான் வேண்டும். கதையைக் கிழித்துப் போட்டிருக்கலாம். வேறு கதை எழுதியிருக்கலாம். செய்யவில்லை. மழை விட்டதையும், விளக்கு அணைந்ததையும், கட்டிய நாள் முதல் சொல்லாத பேரைச் சொன்னதையும், பள்ளத்தையும் சேர்த்து முதலிலிருந்து எழுதினான். எழுதும்போது அழுதான் என்பதும் உண்மை. அக்காவின் துக்கத்துக்கு ஒரு மரியாதை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதில் பாதி நிஜம். மீதிப் பாதி அந்தப் போட்டோ.

சவுகத் அலி கடை வேலையை விட்டுவிட்டு ஒரே மூச்சில் படித்தான். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"மாப்ளே, நான் படிச்சதுலயே இப்படி ஒரு கதை வரலடா. முதல் பரிசு உனக்குத்தான். அந்தப் பேர் விசயம் இருக்கே, அத எங்கடா புடிச்ச?"

திருப்பதி கயிற்றில் தொங்கிய பத்திரிகை ஒன்றை நேராக்கினான்.

மலைக்கு ஜீப் ஓட்டுகிற ஜக்கையன் வெற்றிலை போட வந்திருந்தான். சவுகத் அலிக்குப் பொறுக்க முடியுமா? கதையை அவனுக்கு உரக்க வாசித்துக் காட்டினான். ஜக்கையன் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு முழுக்கக் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு ஓரமாகப் போய் எச்சிலைத் துப்பினான்.

"பாதகத்தி. ஒரு குரல் குடுத்திருந்தா என்னா? கதவத்தான் தெறக்கல, உள்ள இருந்தே யாருன்னு கேக்கக்கூடாதா? அப்படி என்னா உசுரு அவளுக்கு வெல்லம்?"

"அதாம்ணே கதையோட வெற்றி" என்றான் சவுகத் அலி. "எனக்கே அந்தப் பொம்பளயப் புடிச்சு ரெண்டு அறை விடலாம்போல இருக்கு. படிக்கிறவன் அத்தன பேரும் அவளத் திட்டுவான் பாருங்க."

திருப்பதி கதையை வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். இரண்டு பேரும் கதையைத்தான் புகழ்கிறார்கள். அவனுக்கு மட்டும் யாரோ தன் வீட்டு வாசலில் நின்று திட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஒச்சம்மாளே கேட்டாள். "எழுதிட்டியா தம்பி? வாசி."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தான். ஆனால் வாசித்தான். அவள் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள். பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில் அவள் உதடு மட்டும் லேசாக அசைந்தது.

"யாராச்சும் படிச்சாங்களா?"

"சவுகத்து படிச்சான். நல்லா இருக்குன்னான்."

"நல்லா எழுதிருக்கன்னுதான் சொல்லுவான், அவன் உன் சேக்காளி. அந்தப் பொம்பளய என்னா சொன்னான்?"

திருப்பதி தலையைக் குனிந்துகொண்டான். ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். எத்தனையோ பொய்க்கதை எழுதுகிறவனுக்கு அந்த நேரத்தில் ஒரு பொய் வரவில்லை.

"திட்டத்தான செய்வாங்க" என்றாள் ஒச்சம்மாள், அவனைத் தேற்றுகிற மாதிரி. "நான் படிச்சாலும் திட்டத்தான் செய்வேன்."

"அக்கா, இத அனுப்பல நான். கிழிச்சுப் போட்டுர்றேன்."

"கிழிக்காத. இவ்வளவு பாடுபட்டு எழுதிருக்க." அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்துவியா தம்பி?"

"சொல்லுக்கா."

"வெளிய கூப்பிட்டது அவுக இல்லன்னு எழுதுறியா? பேயின்னே எழுதிரு. அவுக முன்னாடியே செத்துப்போயிட்டாக. விழுந்த உடனே. எல்லாரும் சொன்னாங்கள்ல, கஷ்டப்படாமப் போயிட்டாருன்னு? அப்படியே எழுதிரு. அதுக்குப் பெறகு வந்து கூப்பிட்டது வேற ஏதோ ஒண்ணு. அவுக சத்தத்த எடுத்துக்கிட்டு வந்து கூப்பிட்டுச்சு."

"சரிக்கா" என்று திருப்பதி தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டான்.

அன்றைக்கே எழுதினான். அவனுக்கு வாய்த்த ஒரே நல்ல கதையை அவனே கையால் கெடுத்தான். ஒச்சம்மாள் கேட்டபடி, அவள் புருஷனைச் சரிவில் விழுந்த மாத்திரத்தில் சாகடித்தான். வலியில்லாமல், தாகமில்லாமல், யாரையும் கூப்பிடாமல். பிறகு பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பேயை வரவழைத்தான்.

சவுகத் அலிக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தாளைப் பெஞ்சில் எறிந்துவிட்டான். "கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு? கையில கெடச்ச தங்கத்தத் தூக்கி ஓடையில போட்டுட்டியேடா! பேய் வந்துச்சு, கூப்பிட்டுச்சு, போயிருச்சு. இத எவன் படிப்பான்? எவன்டா உன்னைய இப்படி மாத்தச் சொன்னான்?"

"எனக்கே தோணுச்சு மாப்ளே."

"அப்ப நீ எழுதவே லாயக்கில்ல."

"இருக்கட்டும்" என்றான் திருப்பதி. நண்பனிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு உரிமை இல்லை. சவுகத் அலி பல நாள் அவனோடு பேசவில்லை. கதையும் தேறவில்லை. எவனோ ஒருவனுடைய போட்டோதான் பத்திரிகையில் வந்தது.

அதெல்லாம் பிறகு. தபாலில் போடுவதற்கு முன்னால் அக்காவுக்கு ஒருதரம் வாசித்துக் காட்டினான். ஒச்சம்மாள் அன்றைக்குக் கையில் எந்தச் சோலியும் வைத்துக்கொள்ளவில்லை. தம்பிக்கு எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வெள்ளைத்துரை விழுந்த உடனே செத்துப்போன இடம் வந்ததும், "வலிச்சிருக்காதுல்ல?" என்று கேட்டாள்.

"வலிச்சிருக்காதுக்கா. அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

"ம். வாசி."

அவன் வாசித்தான். மழை விட்டது. மரங்கள் சொட்டின. பேய் பொன்னுமணியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. மறுபடியும் ஒரு தடவை கூப்பிட்டது. பொன்னுமணி விளக்கை அணைத்துவிட்டு, விடிகிற வரைக்கும் கதவைத் திறக்காமல் இருந்தாள். பேய் தோற்றுப்போய்த் திரும்பியது.

"நல்லவேள" என்றாள் ஒச்சம்மாள். கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை. "நல்லவேள தம்பி, அவ கதவத் தெறக்கல."

பிறகு, "இன்னொருக்க வாசி" என்றாள். திருப்பதி முதல் தாளை எடுத்து மறுபடியும் வாசிக்கத் தொடங்கினான்.